ஐந்துக்கு ஒன்றாக எண்ணிய பூநாரைகள்

எனக்குப் பறவைகளின் பெயர் அதிகம் தெரியாது. எங்கள் கரைக்கு வருகிறவற்றில் பூநாரை தெரியும், கூழைக்கடா தெரியும், ஆலா தெரியும். சேற்றில் ஓடித் திரிகிற சின்னப் பறவைகள் எல்லாவற்றுக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்தான், உள்ளான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. நாலு பேர் கூடி நிற்பதைக் கண்டால் ஒழுங்கை மாறி வேறு தெருவால் போகிற சுபாவம். இப்படிப்பட்ட நான், பல நாடுகளிலிருந்து பறவை பார்க்கிறவர்கள் வந்து கூடிய ஒரு மாநாட்டில் இரண்டு நாள் இருந்தேன். அது எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், மாரி முடிந்தும் வாடைக் காற்று விடாத நாட்களில் நடந்தது.

வேலணைத் தீவில் எங்கள் வீட்டுக்கு முன்னால், சுருவில் பக்கமாகக் கிடப்பது பரவைக் கடல். கனதூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. காற்றுத் தள்ளுகிற பக்கம் தண்ணீர் ஒதுங்கும், மற்றப் பக்கம் சேறு தெரியும். அந்தத் தண்ணீரில் வளர்ந்து கரையில் ஒதுங்குகிற சாதாளையை அள்ளி வந்து புகையிலைத் தோட்டத்து மண்ணில் பசளையாகப் புதைத்துத் தாழ்ப்பது எங்கள் வழக்கம். தோட்டம் அண்ணையுடையது. எனக்குக் கலியாணம் ஆகவில்லை, அண்ணை வீட்டில்தான் இருந்தேன். சாதாளை அள்ளுவது என் வேலை. விடியப் பனையோலைக் கடகத்தோடு போனால் வெயில் ஏறத் திரும்புவேன். எந்தத் துண்டுக்கு எத்தனை கடகம் தாழ்த்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். ஒரு மாரியில், ஏனென்று எனக்கே தெரியாது, அதே வரியின் கடைசியில் அன்றைக்குக் கண்ட பூநாரையின் தொகையையும் எழுதினேன்.

பூநாரை எங்களிடம் நிரந்தரமாக நிற்பதில்லை. கார்த்திகை மார்கழியில் வரும், பங்குனி வெயிலோடு போய்விடும். எங்கே போகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தூரத்தில் நிற்கும்போது தண்ணீருக்கு மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்த மாதிரி இருக்கும். எழும்பும்போதுதான் செட்டைக்குள் இருக்கிற சிவப்பு வெளியே வரும். எல்லாம் சேர்ந்து எழும்பினால் கடலின் ஒரு பக்கம் பற்றிக்கொண்டது போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொல்ல எனக்கு வார்த்தை வராது. தொகையை எழுத முடிந்தது, எழுதினேன். ஐந்து மாரி எழுதினேன்.

ஐந்தாவது மாரி முடிகிற நேரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் மாணவர்களோடு எங்கள் கரைக்கு வந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்துப் பிள்ளை. மாணவர்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அக்கா, என்ன எழுதுறீங்கள்?"

நான் கொப்பியைக் கடகத்துக்குள் போட்டுச் சாதாளையால் மூடினேன். "ஒண்டுமில்லை மிஸ். தோட்டத்து விசயம்."

"தோட்டத்து விசயத்தைக் கடலைப் பாத்தோ எழுதுறது?"

அவர் சிரித்த விதத்தில் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். நனைந்துபோயிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், பிறகு சிரிக்கவில்லை. ஐந்து கொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், இரண்டு கிழமையில் படியெடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்போதுதான் மாநாட்டைப் பற்றிச் சொன்னார். அடுத்த வருஷத் தொடக்கத்தில், கொழும்பில் மூன்று நாள், யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள். கடைசி நாளில், காப்பாற்ற வேண்டிய இடங்கள் இவை என்று ஒரு பட்டியல் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவார்கள். வெளிநாடுகளும் அதில் கையெழுத்து வைக்கும்.

எங்கள் கடல் அந்தப் பட்டியலில் வரவேண்டும் என்று அவர் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் பட்டணத்து ஆட்கள் சிலர் வந்து பரவைக் கடலில் தடி நட்டுக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அணை போட்டுத் தண்ணீரை மறித்து இறால் வளர்க்கப் போகிறார்களாம். அரசாங்க அதிபரின் கச்சேரியில் விண்ணப்பமும் கொடுத்தாயிற்றாம். அணை வந்தால் சாதாளையும் இல்லை, பூநாரையும் இல்லை. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் கச்சேரி யோசிக்கும் என்றார் மிஸ். "நீங்களும் வரவேணும் அக்கா. எண்ணினது நீங்கள்."

என் பெயர் தட்டச்சில் அடித்த கடிதம் ஒன்று வந்தது. அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொக்கு எண்ணினதுக்குக் கடுதாசி வருது. நான் இருவது வருசமாப் புகையிலை எண்ணுறன், ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"நீங்கள் எண்ணுற வடிவுக்கு ஆர் கூப்பிடுவினம்?" என்றார் குசினிக்குள்ளிருந்து மச்சாள், அண்ணையின் மனைவி. "போன முறை எண்ணினதிலை ரெண்டு கட்டுக் குறைஞ்சது." பிறகு எனக்குச் சொன்னார்: "மச்சாள், நீங்கள் என்ரை நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு போங்கோ."

யாழ்ப்பாணக் கூட்டத்தின் முதல் நாள் காலை பஸ் ஏறிப் பண்ணைப் பாலத்தால் பட்டணத்துக்குப் போனேன். ஒரு பெரிய கல்லூரியின் மண்டபம். வாசலில் ஒரு பெண் என் சீலையில் பெயர் எழுதிய அட்டையைக் குத்திவிட்டாள். உள்ளே வெள்ளையர், யப்பானியர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள், தெற்கிலிருந்து வந்த சிங்கள ஐயாமார். மண்டபத்துக்குள் ஒரு குருவிகூட இல்லாதபோதும் பாதிப் பேர் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தார்கள். கடைசி வரிசையில் தூணோரக் கதிரை ஒன்றைப் பிடித்து இருந்தேன். மிஸ் பக்கத்தில் வந்திருந்து, ஆங்கிலத்தில் பேசுவதைக் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்து ஒரு சீலைத் திரையில் படம் விழுத்தினார்கள். வெறும் பனி. மரமில்லை, வீடில்லை. பனி கரைந்த ஒரு துண்டு நிலத்தில் புல்லுக்குள் ஒரு சின்னப் பறவை இருந்தது. நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அது என்னுடைய உள்ளான். நிறம் கொஞ்சம் சிவந்திருந்தாலும் அந்தக் குந்தலும் கழுத்துத் திருப்பமும் அதேதான். அதன் வயிற்றுக்குக் கீழே நாலு முட்டை.

"இது எங்கை மிஸ்?"

"உலகத்தின்ரை வடக்குத் தொங்கல் அக்கா. அங்கை ரெண்டு மாசந்தான் வெயில். அதுக்குள்ளை குஞ்சு பொரிச்சுப்போட்டு இஞ்சை வருகுதுகள்."

"இஞ்சையெண்டா?"

"உங்கடை வீட்டுக்கு முன்னாலை."

அந்தப் பறவைக்கு முட்டை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு தரமும் அதன் கூட்டைக் கண்டதில்லை. ஏன் காணவில்லை என்று யோசித்ததுமில்லை. ஒரு பனங்கொட்டையின் பாரம்கூட இல்லாத ஒன்று, மலையும் பாலைவனமும் கடந்து வந்து என் கடகத்தடியில் ஓடித் திரிந்திருக்கிறது. நான் அதை "சூ" என்று கலைத்திருக்கிறேன். பிறகு பூநாரையின் படமும் வந்தது. இந்தியாவின் மேற்குக் கோடியில் ஓர் உப்பு வெளியில், மண்ணைக் குவித்துப் பானை கவிழ்த்த மாதிரிக் கூடு கட்டி, ஆயிரக்கணக்கில் இருந்தன. எங்கே போகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாததற்கு விடை அந்தத் திரையில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் காணாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னேரம் சுவரில் பெரிய தாள்களை ஒட்டினார்கள். ஒவ்வொரு தாளும் ஓர் இடம். எங்கள் கடலின் பெயரை மிஸ் காட்டினார். அதற்குக் கீழே ஐந்து வருஷத்துக்கும் ஐந்து இலக்கம், ஒவ்வொரு வருஷத்திலும் ஆகக் கூடுதலாகக் கண்ட தொகை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இலக்கம் வாசிப்பேன். என் கொப்பியில் கிடந்த தொகை அத்தனை பேருக்கு முன்னால் சுவரில் நின்றது. மனம் நிறைந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமை வகித்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. உயரமானவர், வெயிலில் காய்ந்து தோல் சுருங்கியவர். அவர் ஒரு தடியால் தாள்களைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டு வந்தார். சிலவற்றைத் தொடாமல் தாண்டினார். எங்களுடையதையும் தாண்டினார்.

"என்ன மிஸ்?"

மிஸ்ஸின் முகம் வாடிப்போயிருந்தது. "எங்கடை இடம் சின்னனாம் அக்கா. அஞ்சு வருசத்திலை மூண்டு வருசமெண்டாலும் ஆயிரத்துக்கு மேலை நிக்கவேணுமாம். எங்கடையிலை ஆகக் கூடினது நானூத்திப் பன்னிரண்டு."

நானூற்றுப் பன்னிரண்டு எழுதிய நாள் எனக்கு நல்ல நினைவு. கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீரே தெரியாமல் நின்ற நாள். பிறகுதான் என் பிழை எனக்கு விளங்கியது.

எங்கள் வீடுகளில் பனங்கிழங்கையோ அதைக் காயவைத்த ஒடியலையோ ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஐந்து ஐந்தாக எடுத்துப் போடுவோம். ஓர் எடுப்பு ஒரு கை. முதல் கையை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். பிறகு இரண்டு, மூன்று என்று போகும். நூறு என்றால் நூறு கை, ஐந்நூறு கிழங்கு. இதை ஒருவரும் ஒருவருக்கும் விளக்குவதில்லை. கடலில் நிற்கிற பறவையையும் நான் அப்படித்தான் எண்ணினேன். கண்ணால் ஐந்து ஐந்தாக எடுத்துப் போட்டேன். கொப்பியில் கை என்று எழுதவில்லை. வீட்டுக் கொப்பியில் யார் அப்படி எழுதுவார்கள்? மிஸ் பட்டணத்தில் ஒடியலைக் கடையில் வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளை. இருந்த இலக்கத்தை இருந்தபடி எடுத்திருக்கிறார்.

அப்போதே அவருக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள். அதோடு என் கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. இவையெல்லாம் சாட்டு என்று எனக்குத் தெரியும். பேசப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று பொழுதுபட, வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ, ஐஞ்சாலை பெருக்காமலோ சுவரிலை ஒட்டினவை? அவ்வளவு படிச்ச சனம்!"

"பகிடியை விடுங்கோ," என்றார் மச்சாள். "இப்ப இறால்காரர் வந்து அணை கட்டினா உங்கடை புகையிலைக்கு எதைத் தாழ்ப்பியள், உந்தச் சிரிப்பையோ?"

அண்ணையின் சிரிப்பு நின்றது. "நாளைக்குக் கடலைப் பாக்க அவை இஞ்சைதானே வருகினம். சொல்லு பிள்ளை."

"என்னாலை ஏலாது அண்ணை."

"நீ எண்ணினது. நானோ வந்து சொல்லுறது?"

மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், நாற்பது பேருக்கு மேல். இறப்பர் சப்பாத்து, தொப்பி, மூன்று கால் வைத்த குழாய்கள். நான் வழியிலேயே மிஸ்ஸை மறித்துப் பனையடியில் நிறுத்தினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏனக்கா இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை மிஸ்."

"கையிலை எண்ணுறதெண்டு எனக்கு எப்பிடி அக்கா தெரியும்!" தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "இப்ப போய் ஐஞ்சு மடங்கெண்டா, பட்டியலிலை போடுறதுக்காகப் பெருப்பிச்சுச் சொல்லுறமெண்டு நினைப்பினம். என்ரை பேரும் போகும், உங்கடை பேரும் போகும்."

இருந்தும் அவர் நேரே அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் போனார். இரண்டு பேரும் நின்று பேசினார்கள். அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பனைக்குப் பின்னால் ஒதுங்கினேன். மிஸ் திரும்பி வந்து, "எண்ணிப் பாப்பம் எண்டு சொல்லுறா," என்றார்.

கடலோரம் போனால் அங்கே ஒன்றுமில்லை. இரவெல்லாம் வாடை அடித்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டிருந்தது. வெறும் சேறு, காய்ந்த சாதாளை, இறால்காரரின் தடிகள். ஒரு தடியில் மாத்திரம் ஓர் ஆலா இருந்தது. தொப்பி போட்ட ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலியோரம் நின்ற அண்ணை, "இண்டைக்கெண்டு பாத்து எல்லாம் கலியாண வீட்டுக்குப் போட்டுதுகளோ?" என்றார்.

வாடை தள்ளினால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெற்கே கண்டல் மரங்கள் நிற்கிற முனைக்கு அப்பால், வளைவுக்குள். தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் பூநாரையும் நிற்கும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் நாற்பது பேரும் ஒற்றை வரிசையில் பின்னால் வருகிறார்கள். என் வாழ்நாளில் எனக்குப் பின்னால் ஒருவரும் வந்ததில்லை. சேறு புதைகிற இடங்களை விட்டு நான் வளைந்து போனேன், அவர்களும் வளைந்து வந்தார்கள். ஒருவர் மட்டும் நேரே போய் முழங்கால் வரை புதைந்தார். இரண்டு பேர் இழுத்தெடுத்தார்கள், ஒரு சப்பாத்து உள்ளேயே போய்விட்டது.

கண்டல் முனையில் நான் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினேன். இன்னும் ஒரு அடி வைத்தால் எழும்பிவிடும்.

வளைவு முழுக்க அவை நின்றன. காலை வெயில் அவற்றுக்குப் பின்னாலிருந்து வந்தது. கழுத்துகள் எல்லாம் தண்ணீருக்குள் குனிந்திருந்தன. சேற்றை மிதித்து மிதித்து இரை தேடுகிற சத்தம், யாரோ தூரத்தில் பிட்டுக்கு மாக் குழைக்கிற மாதிரி, விடாமல் வந்துகொண்டிருந்தது. நான் எத்தனையோ தரம் கண்ட காட்சிதான். ஆனால் முதல் நாள் அந்த உப்பு வெளியின் படத்தைக் கண்ட பிறகு, அந்தக் கால்கள் எந்த மண்ணிலிருந்து எழும்பி வந்தன என்று தெரிந்த பிறகு, இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பினேன். சப்பாத்தைப் பறிகொடுத்த மனிதர் ஒற்றைக் காலில் நின்றபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாடு கண்டவர்களுக்கும் என்னைப் போலவே வாயில் வார்த்தை இல்லை.

அம்மா எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கச் சொன்னார். ஒருவரோடு ஒருவர் பேசாமல் எண்ணி எழுத வேண்டும். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நான் வழக்கம்போல வாய்க்குள் லாபம், இரண்டு, மூன்று என்று தொடங்கினேன். இடையில் ஒரு கூட்டம் இடம் மாறி நின்றது. விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் இந்த முறை மறக்காமல் "கை" என்று எழுதினேன்.

காகிதங்களை வாங்கி அம்மா ஒரு பலகையில் வைத்து வாசித்தார். அவர்களுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது. ஆயிரத்து எண்ணூறு போட்டவர்கள் இருந்தார்கள், இரண்டாயிரத்து இருநூறு போட்டவர்களும் இருந்தார்கள். என்னுடையதைக் கையில் எடுத்ததும் மிஸ்ஸைப் பார்த்தார்.

"அக்கா, எப்பிடி எண்ணினதெண்டு காட்டட்டாம்."

நாற்பது பேரும் வட்டமாக நின்றார்கள். பேச வராது என்று தெரிந்ததால் குனிந்து சேற்றிலிருந்து மட்டிச் சிப்பிகளை அள்ளினேன். ஐந்தை விரலிடுக்கில் எடுத்து ஒரு பக்கம் போட்டு, "லாபம்," என்றேன். அடுத்த ஐந்து, "ரெண்டு." அடுத்த ஐந்து, "மூண்டு." பிறகு விரலைப் பறவைகள் நின்ற பக்கம் நீட்டி, காற்றில் அதே மாதிரி எடுத்து எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு யப்பானியர் காகிதத்தில் ஐந்தால் பெருக்கினார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்து. அவர்கள் எல்லாருடைய தொகைக்கும் நடுவில் வந்து விழுந்தது.

அம்மா பலகையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்தார். தன் கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, பறவைக் கூட்டத்தில் ஒரு துண்டை அதால் மறைத்தார். கையை அடுத்த துண்டுக்கு நகர்த்தினார். பிறகு அடுத்ததற்கு. மிஸ் சொல்லத் தேவைப்படவில்லை. அவரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. அவருடைய ஒரு எடுப்பு பத்து. என்னை ஒருவரும் படிப்பித்ததில்லை, ஒடியல் எண்ணி வந்த பழக்கம். உலகத்தின் மற்றத் தொங்கலில் யாரிடமோ அவர் அதே வேலையைப் பழகியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் அன்று காலை எண்ணியது அன்றைய காலைக்கு மட்டும்தான். சுவரில் இருந்தது ஐந்து வருஷம். மத்தியானம் மண்டபத்தில் என் ஐந்து கொப்பிகளையும் மேசையில் விரித்து, அம்மா ஒரு பக்கம், நானும் மிஸ்ஸும் மற்றப் பக்கம் இருந்தோம். ஒவ்வொரு வருஷத்தின் ஆகக் கூடிய தொகையும் கையா, ஒவ்வொன்றாக எண்ணிய தனியா என்று நான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கொஞ்சமாக நின்றால் நான் கையில் எண்ணுவதில்லை. பத்துக் கிழங்கை யாரும் கை போட்டு எண்ணமாட்டார்களே. நானூற்றுப் பன்னிரண்டு கை, அதில் சந்தேகமே இல்லை. அதற்கு முந்திய வருஷத்து இருநூற்று ஐம்பதும் கைதான், அன்று நீர்க்காகங்களும் கலந்து நின்று என்னை அலைக்கழித்தது நினைவிருந்தது. இரண்டு வருஷம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வேறு இரண்டு வருஷம் மழை பிழைத்துப் பறவை வரவு குறைவு. கையாகப் பார்த்தாலும் ஆயிரம் வராது. மிஞ்சியது முதல் வருஷம். அதில் இருந்த பெரிய இலக்கம் இருநூற்றிரண்டு.

இருநூற்றிரண்டு கை என்றால் ஆயிரத்துப் பத்து. தனி என்றால் இருநூற்றிரண்டு. அந்த வருஷந்தான் நான் எண்ணவே தொடங்கினேன். எப்போது தனியிலிருந்து கைக்கு மாறினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மூன்று கடகம் சாதாளை. தெற்குத் துண்டு. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மிஸ் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, மற்றதெல்லாம் கைதானே. இதுவும் கையாத்தான் இருக்கும். கையெண்டு சொல்லுங்கோ."

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கக்கூடும். ஒரு சொல் சொன்னால் போதும், மூன்று வருஷம் ஆகிவிடும். கடலும் தப்பும். அண்ணையின் தோட்டமும் தப்பும். எதிரே அந்த அம்மா பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். காலையில் பெருவிரலை நீட்டி எண்ணிக் காட்டிய அதே கை. அந்தக் கைக்கு முன்னால் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியாது மிஸ்," என்றேன். "தெரியாதெண்டே எழுதச் சொல்லுங்கோ."

மிஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அந்த வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார். நான் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு என் தூணோரத்துக்குப் போய்விட்டேன். எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய் அண்ணையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் தொடங்கியதும் அம்மா எழுந்து நீண்ட நேரம் பேசினார். மிஸ் பக்கத்தில் வந்திருந்தார், ஆனால் மொழிபெயர்க்க மறந்து அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் இடித்த பிறகுதான் சொன்னார். "இந்தக் கொப்பிகளை நம்பலாம் எண்டு சொல்லுறா. தெரியாததைத் தெரியாதெண்டு சொன்ன ஆள் எழுதினதாம். ரெண்டு வருசம் அதிலை இருக்காம். மூண்டாவதுக்கு இண்டைக்குக் காலமை நாங்கள் எல்லாரும் எண்ணினமே, அதைச் சேப்பம் எண்டு கேக்கிறா."

மணிக்கூடு பார்த்த மனிதர் எழுந்து ஏதோ மறுத்தார். ஒரே ஒரு காலை போதாது என்றாராம். சப்பாத்தைத் தொலைத்தவர் எழுந்து, வெறும் காலைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். மண்டபம் சிரித்தது. பிறகு சம்மதம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் என் முழங்கையில் கிள்ளினார்.

"பாருங்கோ அக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். மணிக்கூட்டுக்காரரின் கையும் மேலே இருந்தது.

எங்கள் கடலின் பெயரை அம்மா உரத்து வாசித்தார். அவருடைய வாயில் அது வேறு யாருடையவோ ஊர் போலக் கேட்டது. ஆனாலும் அது எங்களுடையதுதான்.

கச்சேரியில் இறால் விண்ணப்பத்தை ஒத்திவைத்தார்கள் என்று சித்திரையில் மிஸ் எழுதினார். ஆடியில் தெற்கில் தமிழருக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வெளிநாட்டார் எங்கள் பக்கம் வரவில்லை, இறால்காரரும் வரவில்லை. பல்கலைக்கழகம் அடிக்கடி மூடிக் கிடந்ததால் மிஸ்ஸாலும் வர முடியவில்லை. கார்த்திகைக் கடைசியில் பூநாரை வந்தது. நான் கொப்பியில் இரண்டு கோடு இழுத்து, ஒன்றுக்கு மேலே கை, மற்றதுக்கு மேலே தனி என்று எழுதி, மிதித்து மிதித்து இரை தேடுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கண்டல் முனையில் நின்று எண்ணினேன். ஒரு தபால் அட்டையில் அதைப் படியெடுத்து வேலணைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாவின் வெளிநாட்டு விலாசத்தை மிஸ் முன்பே எழுதித் தந்திருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்த தபால் அதிபர், "என்ன பிள்ளை, வெறும் இலக்கமாக் கிடக்கு? அவைக்கு விளங்குமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "அவவுக்கு விளங்கும்."